சும்மா கிடக்கும் பள்ளத்தில் ராட்டினம் வைக்காதீர்கள்

போன மாதம் நானுஓயாவுக்குப் பக்கத்தில் சிறுவர் பூங்கா நடத்தும் ஒரு தம்பி கூப்பிட்டிருந்தார். புதிதாக, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் வீசும் ஆடும் கப்பல் ராட்டினம் ஒன்று வாங்கப் போகிறார். "அண்ணன், இடம் பார்த்துவிட்டேன். நீங்கள் வந்து ஒருதரம் பார்த்துச் சொன்னால் போதும்" என்றார். போனேன். தேநீர்க் கடையைத் தாண்டி, சறுக்கு மரங்களைத் தாண்டி, ஒரு ஒற்றையடிப் பாதையால் கீழே கீழே என்று அழைத்துப் போனார். அடியில் நல்ல சமதரை, புல் மூடிக் கிடந்தது. "பாருங்கள், கல் இல்லை, மரம் இல்லை, வெட்ட வேண்டியதும் இல்லை. கொண்டு வந்து இறக்க வேண்டியதுதான்."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை நானே ஒரு முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.

ராட்டினங்களை இறக்குவது, பொருத்துவது, ஓட்டிக் காட்டுவது என்று அட்டனிலிருந்து பண்டாரவளை வரை அலைந்ததுதான் என் பிழைப்பு. நுவரெலியா வசந்த காலத்துக் கார்னிவல்களில் தொடங்கினேன். பெல்ட்டைச் சோதியுங்கள், ஆணியை முடுக்குங்கள், உயரம் அளந்து பிள்ளைகளை ஏற்றுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது. தெரிந்தவர்களும் செய்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன். அதில் ஒன்றை மட்டும் இன்று நினைத்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை.

வெறுமையாக இருக்கிறது என்பதற்காக அங்கே வைப்பது

அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவில் ஒரு பூங்கா. மேட்டில் வாசலும் கடையும் சின்னப் பிள்ளைகளின் ராட்டினங்களும் இருந்தன. பள்ளத்தில் கைவிட்ட மரக்கறித் தோட்டம் ஒன்று கிடந்தது. முதலாளிக்கு 36 பேர் உட்காரும் ஆடும் கப்பல் வந்து சேர்ந்திருந்தது. மேலே இடம் எடுப்பதென்றால் ஒரு கொட்டகையைப் பிரிக்க வேண்டும், பாதையைத் திருப்ப வேண்டும். கீழே எந்தச் சிரமமும் இல்லை. நான் கீழேயே வைக்கலாம் என்றேன். 140 படிக்கட்டுகள் கட்டினோம்.

பக்கத்துத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தக் குழியில் உருளைக்கிழங்கே நிற்காது. சனம் எப்படி நிற்கும்?" என்று கேட்டார். வயதானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அவர் சொன்னதில் இருந்த விஷயம் ஒரு வருடம் கழித்துத்தான் விளங்கியது.

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் தண்ணீரைப் போலவே சரிவால் இறங்கி வந்து பள்ளத்தில் தேங்கும். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உறைபனி கொட்டும்போது முதலில் கருகுவது பள்ளத்துப் பாத்திகள்தான். அந்தத் தோட்டம் கைவிடப்பட்டதற்குக் காரணமே அதுதான். அதே குழியில்தான் மழைத் தண்ணீரும் நின்றது, மூட்டமும் கடைசியாகக் கலைந்தது. காலை பத்து மணி வரை கப்பலின் இருக்கைகள் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஒரு பையன் துணியோடு நின்று துடைத்துக்கொண்டே இருப்பான். துடைத்து முடித்த வரிசை மறுபடி நனைந்துவிடும். சும்மா கிடக்கிற நிலம் ஏன் சும்மா கிடக்கிறது என்று மலைநாட்டில் முதலில் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை.

ஈரத்தைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆட்கள் வராததைச் சமாளிக்க முடியவில்லை. படி ஒன்று ஆறு அங்குலம் என்று வைத்தாலும் 140 படிக்கு எழுபது அடி. ஏழு மாடிக் கட்டடத்தை இறங்கி ஏறுவதற்குச் சமம். முதல் ஞாயிற்றுக்கிழமை புதுசு பார்க்கும் ஆசையில் கூட்டம் இறங்கியது. அதற்குப் பிறகு நடந்ததைப் படி உச்சியில் நின்று என் கண்ணால் பார்த்தேன். ஒரு வேன் நிறைய ஒரு குடும்பம் வந்தது. அப்பாயி முதல் படியிலேயே நின்றுவிட்டார். அவரைத் தனியே விட முடியாது என்று மருமகள் நின்றார். கைக்குழந்தையோடு இன்னொருவர் நின்றார். அம்மா இல்லாமல் போகமாட்டேன் என்று சின்னவள் அழுதாள். கடைசியில் இரண்டு பையன்கள் மட்டும் ஓடி இறங்கினார்கள். பன்னிரண்டு டிக்கெட் விற்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் விற்றது. அந்த இருவரும் மூச்சுவாங்க ஏறி வரும் வரைக்கும் மற்றவர்கள் குளிரில் நின்றார்கள். கடைக்கும் போகவில்லை, வேறு ராட்டினத்திலும் ஏறவில்லை. பிள்ளைகள் வந்ததும் நேரே வேனுக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே கீழே ஒரு கப்பல் நட்டத்தில் ஓடியதோடு விஷயம் முடியவில்லை. மேலே நன்றாக ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்தையும் அது பிடித்து நிறுத்தியது. போன வழியாலேயே திரும்பி வர வேண்டிய முட்டுச் சந்தில் எதை வைத்தாலும் இப்படித்தான் ஆகும். சமதரைப் பூங்காவில் முட்டுச் சந்து அலுப்புத் தரும். இங்கே அது முழங்காலைப் பிடிக்கும்.

இரண்டு வருடம் கழித்து முதலாளி அதை மேலே எடுக்கச் சொன்னார். கிரேன் இறங்க வழியில்லை. துண்டு துண்டாகக் கழற்றி, பலகை போட்டு, கப்பியால் இழுத்தோம். ஒரு பக்கத்துத் தாங்கு காலை மட்டும் மேலேற்ற ஒரு பகல் முழுவதும் போனது. வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு அந்த இடமாற்றத்துக்கே செலவானது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

மேலே, தேநீர்க் கடைக்கும் சின்னப் பிள்ளைகளின் பகுதிக்கும் நடுவில் பாதை வளையும் மேட்டுத் தோளில் கப்பலை வைத்தோம். அதே இயந்திரம், அதே டிக்கெட் விலை. அப்பாயிமார் கடை வாங்கில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்தார்கள். சின்னவள் பக்கத்திலேயே குதிரை ராட்டினத்தில் சுற்றினாள். கப்பல் மேலே எழும்பும்போது வாசலில் டிக்கெட் எடுக்கிறவர்களுக்கே அது தெரிந்தது. அந்தக் கொட்டகையை முதலிலேயே பிரித்திருந்தால் இரண்டு நாள் வேலைதான்.

வெற்று இடமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் 1955இல் திறந்தபோது கோட்டையின் அகழி தோண்டிய மண்ணை இரண்டு பகுதிகளுக்கு நடுவில் குவித்து வைத்தார்கள். அந்த மண்மேட்டு இடத்தில்தான் 1959இல் மேட்டர்ஹார்ன் மலைச் சவாரி எழுந்தது. மிச்சமாகக் கிடந்த இடம்தான். ஆனால் இரண்டு பக்கத்துச் சனமும் கடந்து போகிற இடம், தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற இடம். கால்கள் ஏற்கெனவே போகிற பாதையை ஒட்டி வெற்று இடம் கிடைத்தால் தாராளமாக வையுங்கள். பூங்காவின் கோடிக்கு ஆட்களை இழுக்கத்தான் வேண்டும் என்றால், போக ஒரு வழி, வர வேறொரு வழி என்று வளையமாகப் பாதை போட்டு, திரும்பும் வழியில் உட்கார வாங்குகளும் கூரையும் கடையும் வைத்த பிறகு ராட்டினத்தைக் கொண்டு போங்கள். பாதை முதலில், இயந்திரம் பிறகு.

மலையை வெட்டிச் சமப்படுத்துவது

பள்ளம் வேண்டாம் என்றதும் சிலர் நேரே மண்வெட்டி இயந்திரத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள். அதுவும் ஆபத்து.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கான் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. சரிவின் குறுக்கே லேசான வாட்டத்தில் வெட்டிய அந்த வடிகால்கள்தான் மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் வெளியே கொண்டு போகின்றன. பழைய தேயிலை நிலத்தில் பூங்கா போடுகிறவர்கள் கொங்கிரீட் மேடைக்காகச் சரிவை வெட்டும்போது இரண்டு மூன்று கான்களை மண் போட்டு மூடிவிடுகிறார்கள். தண்ணீர் நிற்குமா? வேறு வழி தேடி மேடைக்கும் தாங்கு சுவருக்கும் பின்னால் இறங்குகிறது. நான் பழுதுபார்க்கப் போன ஓரிடத்தில் சுழலும் ராட்டினம் ஒன்று ஒரு பக்கம் கிறீச்சிட்டது. இரண்டு நாளாகத் தாங்கு உருளையையும் பல்சக்கரத்தையும் பார்த்தோம், பழுது இல்லை. பிறகு மட்டப் பலகையை வைத்தால், மேடையின் ஒரு மூலை விரல் கனம் இறங்கியிருந்தது. அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன்.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை (லயங்களை) மூடியதை மலைநாட்டில் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்க்காமல், அவர்களின் பரிந்துரை இல்லாமல் ஒரு கூடை மண்கூட வெட்டாதீர்கள். பிள்ளைகள் ஏறுகிற இயந்திரம் அது.

சரிவையே சவாரியாக மாற்றலாம். இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் மரங்களின் உச்சிக்கு மேல் எதையும் எழுப்ப அனுமதி இல்லை. அதனால் பாறையை வெடிவைத்துக் குழி பறித்து, தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி ஓடும் நெமெசிஸ் என்ற ரோலர் கோஸ்டரைக் குழிக்குள் ஓடவிட்டார்கள், 1994இல் திறந்தது. வெடியை நம் மண்ணில் நினைக்கவே வேண்டாம். ஆனால் தடையைச் சவாரியின் அழகாக்கிய அந்தப் புத்தியைப் பார்க்க வேண்டும். நம்மிடம் சரிவு இருக்கிறது. தூண்களில் நிற்கும் சறுக்கு வண்டித் தடம், கம்பியில் தொங்கிப் போகும் சவாரி போன்றவற்றுக்கு மேடை வெட்ட வேண்டியதில்லை. தூண் ஊன்றும் இடம் மட்டும் போதும், கான்கள் அப்படியே கிடக்கும்.

விற்பனைத் தாளில் உள்ள எண்ணிக்கையை நம்புவது

36 இருக்கைக் கப்பலுக்கு மணிக்கு 720 பேர் என்று தாளில் போட்டிருப்பார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கு அது. இங்கே வருகிறவர்கள் ஸ்வெட்டர், மப்ளர், தொப்பி, கைப்பை, பிள்ளைக்கு ஒரு போர்வை என்று வருகிறார்கள். மப்ளரைக் கழற்றி வாங்கி வைக்காமல் ஏற்றவே கூடாது. இரண்டு நிமிடம் ஓட்டம், ஏற்றி இறக்க நான்கு நிமிடம். மணிக்குப் பத்துச் சுற்று, 360 பேர். குடும்பங்கள் பிரிந்து உட்காராததால் சுற்றுக்கு எட்டு இருக்கை வெறுமையாகப் போகும். மிஞ்சுவது 280. வரிசை நிற்க எவ்வளவு இடம் விட வேண்டும், அதற்குக் கூரை எவ்வளவு நீளம் என்பதை இந்த 280ஐ வைத்துக் கணக்கிடுங்கள். 720ஐ வைத்துக் கணக்கிட்டவர்களின் வரிசை, பாதையை அடைத்துக்கொண்டு மழையில் நிற்கிறது.

கச்சான் காற்றை மறப்பது

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றுதான் கச்சான். அப்போது அட்டன் பக்கம் மழை. அதே மாதங்களில் மலையைத் தாண்டிப் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் காய்ந்த காற்று. ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கிற அதே காற்றுதான் சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல்களைக் கண்டபடி வீசும். ஆகவே மேற்குப் பக்கத்தில் முதலில் கூரை, கிழக்குப் பக்கத்தில் முதலில் மறைப்பு. ஓர் இடத்தில் நன்றாக ஓடியது என்று பார்த்து அதையே மலைக்கு மற்றப் பக்கத்தில் வாங்கி வைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. வருட நடுவில் ஒருதரம், மார்கழியில் ஒருதரம் என்று இரண்டு காலத்திலும் அந்த இடத்தில் நின்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

உயரமான பார்வைக் கோபுரம்

நுவரெலியா மூட்டத்துக்குள் வேண்டாம்.

கடற்கரைக் கணக்கில் ஜெனரேட்டர்

நுவரெலியாவின் 1868 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் இழுத்த எஞ்சின் இங்கே அதே பாரத்தை இழுக்காது. பெரிதாக வாங்குங்கள்.

சித்திரை முதலாம் வாரத்தில் திறப்பது

எல்லோருக்கும் இதுதான் ஆசை. வசந்த காலம், கிரகரி வாவியைச் சுற்றி நடக்க இடமில்லாத கூட்டம், குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி. அதற்காகப் பங்குனிக் கடைசியில் இரவும் பகலும் நின்று பொருத்துகிறார்கள். மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்க்கும் நாட்கள்தான் முதலில் வெட்டுப்படுகின்றன. போதாததற்கு, ஏப்ரல் பிற்பகல்களில் இடி மின்னலோடு மழை கொட்டும். இயக்குகிற பையனுக்கு இன்னும் கை பழகவில்லை, கூட்டம் கத்துகிறது, மேகம் கறுக்கிறது. எப்போது நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியாது. பெப்ரவரியில் திறந்து விடுங்கள். மழை குறைந்த மாதம், கூட்டமும் குறைவு. பையன் பழகிக்கொள்வான், இயந்திரமும் தன் குறைகளைக் காட்டிவிடும்.

லயத்துக்கு நேரே ஒலிபெருக்கி

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். திருப்பி வையுங்கள்.

அந்தத் தம்பியிடம் பள்ளம் வேண்டாம் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. "அப்போது எங்கே அண்ணன் வைப்பது?" என்றார். நான் இடம் காட்டவில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். ஒரு போயா நாள் (பௌர்ணமி விடுமுறை), ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சாதாரண நாள். மூன்று நாளும் தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்து, மணிக்கு எத்தனை குடும்பம் எந்தப் பக்கம் திரும்புகிறது, வயதானவர்கள் எங்கே நின்றுவிடுகிறார்கள், பிள்ளைகள் எந்த இடத்தில் அம்மாவின் கையை விட்டு ஓடுகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணச் சொன்னேன். போயா நாளின் பக்கத்தை நேற்றுப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கடைக்குப் பின்னால் விறகு அடுக்கி வைத்திருக்கும் மூலைக்கு நேரே கோடுகள் நெருக்கி விழுந்திருக்கின்றன.