நவம்பர் 1-க்கு முன் போட வேண்டிய கணக்கு

2024 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தமிழ்ப் பள்ளி வகுப்பு முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் அம்மாவோடு வந்து என் எதிரே உட்கார்ந்தான். "ஆன்ட்டி, பிரவுனுக்கு எர்லி டிசிஷன் போட்டா 14 பெர்சன்ட் எடுக்கறாங்க. ரெகுலர்ல 4 கூட இல்ல. அப்போ எர்லியில எனக்கு நாலு மடங்கு சான்ஸ்தானே?" என்றான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு நவம்பரிலேயே முந்திக்கொண்டு விண்ணப்பிப்பதைத்தான் எர்லி என்றான்; ரெகுலர் என்பது ஜனவரியில் விண்ணப்பிக்கும் வழக்கமான சுற்று. அவன் அம்மா ஒன்றும் பேசவில்லை. பையன் சொல்வது நிஜமாக இருக்க வேண்டுமே என்கிற தவிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

நான் நியூ ஜெர்சியில் வரிக் கணக்கு பார்க்கும் வேலையில் இருக்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் கல்லூரிக்குப் போன பிறகு, கேட்டு வருகிற குடும்பங்களோடு உட்கார்ந்து, எர்லி போடலாமா வேண்டாமா என்கிற இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கிறேன். அன்று அந்தப் பையனோடு போட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

முதலில் பெயர்க் குழப்பம். எர்லி டிசிஷன் என்றால் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். மாணவர், பெற்றோர், கல்லூரி விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர் (கவுன்சிலர்) மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிரவுன், பென், கார்னெல், டியூக் எல்லாம் இந்த வகை. எர்லி ஆக்ஷனில் அந்தக் கட்டு இல்லை, பதில் மட்டும் சீக்கிரம் வரும். எம்.ஐ.டி. இந்த வகை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட் நான்கும் நடுவில் நிற்பவை. சேர வேண்டிய கட்டாயம் கிடையாது, ஆனால் பொதுவாக வேறு தனியார் பல்கலைக்கழகத்துக்கு எர்லி போட விடமாட்டார்கள். ரட்கர்ஸ் மாதிரி அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போடலாம். பெரும்பாலும் கடைசி நாள் நவம்பர் 1, பதில் டிசம்பர் நடுவில்.

இப்போது பையன் சொன்ன 14. அது பொய்யில்லை. 2023-இல் பிரவுனில் எர்லி டிசிஷனுக்கு 6,244 பேர் போட்டார்கள், டிசம்பரில் 898 பேருக்குக் கிடைத்தது. 14.4 சதவீதம். அந்த வருட மொத்தக் கணக்கு 48,881 விண்ணப்பம், 2,521 இடம். எர்லியைக் கழித்தால் ரெகுலரில் 42,637 பேர், 1,623 இடம். 3.8 சதவீதம்.

"சரி, இந்த 898 பேர்ல உன்ன மாதிரி எத்தன பேர்?" என்று கேட்டேன். விழித்தான்.

கோச் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்கள் அனேகமாக எர்லியில்தான் வருவார்கள். அவர்கள் இடம் முன்கூட்டியே ஏறக்குறைய முடிவானது. ஒரு பேச்சுக்கு 200 பேர் என்று வைத்துக்கொள்வோம். இது நான் போட்ட எண், பிரவுன் சொன்னதல்ல. போட்டவர்கள், கிடைத்தவர்கள் இரண்டு எண்ணிலும் 200-ஐக் கழித்தால் 6,044-க்கு 698. 14.4 இறங்கி 11.5 ஆகிவிட்டது. அங்கே படித்தவர்களின் பிள்ளைகள், அங்கே வேலை பார்க்கும் பேராசிரியர்களின் பிள்ளைகள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். அதோடு, அக்டோபரிலேயே கட்டுரை, மார்க், சிபாரிசுக் கடிதம் எல்லாம் தயாராக வைத்திருக்கும் பிள்ளைகள் சராசரியாகவே கொஞ்சம் பலமானவர்கள். அதனால் இந்த இடைவெளி முழுவதும் எர்லி போட்டதற்குக் கிடைத்த பரிசு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பங்கு நிஜம்தான், கட்டாயம் வருவேன் என்று சொல்லும் பிள்ளையைக் கல்லூரி விரும்பும். நாலு மடங்கு மட்டும் கிடையாது.

இந்த எண்களைத் தேடி அலைய வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகள் வருடாவருடம் 'காமன் டேட்டா செட்' என்று ஓர் ஆவணம் போடுகின்றன. கல்லூரிப் பெயரோடு அதைச் சேர்த்துத் தேடினால் வந்துவிடும். சி21 என்ற பகுதியில் எர்லி டிசிஷன் எண்கள் இருக்கும். சி7 அதைவிட முக்கியம். பாடங்களின் கடினம், மார்க், கட்டுரை, நேர்காணல், பழைய மாணவர் உறவு என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கனம் என்று அதில் டிக் போட்டிருப்பார்கள். 'விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம்' என்ற வரியையும் பாருங்கள். அதை மதிக்கும் கல்லூரியில் எர்லி டிசிஷனுக்குக் கனம் கூடுதலாக இருக்கலாம் என்பது என் அனுமானம்.

அடுத்து உங்கள் பிள்ளையின் பள்ளி. இதில்தான் அதிக நேரம் செலவழியுங்கள். கல்லூரி உங்கள் பிள்ளையை நாடு முழுக்க உள்ள பிள்ளைகளோடு ஒப்பிடுவதற்கு முன், அதே பள்ளிக்குள் வைத்துப் பார்க்கும். கவுன்சிலர் அனுப்பும் 'ஸ்கூல் புரொஃபைல்' என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பையன் ஒன்பது ஏ.பி. பாடம், அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம், எடுத்திருந்தான். பெருமையாகச் சொன்னான், பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அவன் பள்ளித் தாளில் 26 ஏ.பி. இருந்தன. அவனோடு படிக்கும் முதல் இருபது பேர் பதினொன்று, பன்னிரண்டு எடுத்திருந்தார்கள். ஆறே ஏ.பி. உள்ள பள்ளியில் ஆறையும் எடுத்த பிள்ளையின் தாள் இதைவிட நன்றாகப் பேசும்.

கல்லூரி விண்ணப்பங்களுக்குப் பள்ளிகள் பயன்படுத்தும் நேவியன்ஸ் அல்லது ஸ்கோயர் என்ற இணையதளம் உங்கள் பள்ளியில் இருந்தால், அந்தக் கல்லூரிக்கு முன்பு போட்டவர்களின் மார்க்கும் எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் புள்ளிகளாகத் தெரியும். கிடைத்தவை ஒரு நிறம், கிடைக்காதவை வேறு நிறம். அவனுடையதைத் திறந்தோம். அவன் மார்க் இருந்த இடத்தைச் சுற்றி பதினான்கு புள்ளி, அதில் பச்சை இரண்டு. "ரெண்டு பேருக்குக் கிடைச்சிருக்கே!" என்றார் அவன் அம்மா. கவுன்சிலரிடம் பெயர் கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டார்கள். 'அந்தப் பச்சைப் புள்ளிகளில் விளையாட்டு மூலம் போனவர்கள் உண்டா' என்று மட்டும் கேளுங்கள். மறுநாள் பதில் வந்தது: ஒருவர் படகுப் போட்டி. மிச்சம் ஒரு பச்சை. இந்த வருடம் அதே பள்ளியிலிருந்து எத்தனை பேர் அங்கேயே எர்லி போடுகிறார்கள் என்பதையும் அந்தக் கையோடு கேட்டுவிடுங்கள்.

மார்க்கின் போக்கையும் பாருங்கள். எர்லியில் கல்லூரி முக்கியமாகப் பார்ப்பது பதினொன்றாம் வகுப்பு வரையிலான மார்க். பத்தாம் வகுப்பில் தடுமாறி இப்போதுதான் ஏறிவரும் பிள்ளைக்கு, பன்னிரண்டாம் வகுப்பு முதல் பருவ மார்க் பெரிய துணை. அப்படிப்பட்ட பிள்ளை ரெகுலருக்கோ, எர்லி டிசிஷனின் இரண்டாம் சுற்றுக்கோ காத்திருப்பது நல்லது. வாண்டர்பில்ட், எமரி, டஃப்ட்ஸ், சிகாகோ போன்ற இடங்களில் அந்தச் சுற்று உண்டு. ஜனவரியில் போட்டால் பிப்ரவரியில் பதில்.

அப்புறம் பணம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்கும். வருமானம், சொத்து விவரங்களைப் போட்டால், உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது சுமார் எவ்வளவு என்று காட்டும். மூத்தவளுக்கு எர்லி டிசிஷன் போடும் முன் நானும் தட்டினேன். வருடம் 41,000 டாலர் காட்டியது, சமாளிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டோம். இடம் கிடைத்தது, வீடே கொண்டாடியது. உதவித்தொகைக் கடிதம் வந்தபோது எங்கள் பங்கு 48,000. கடிதத்தில் தவறில்லை. பாளையங்கோட்டையில் என் பெயரில் இருந்த மனையை நான் கால்குலேட்டரில் போடவில்லை, என் கணவரின் போனஸையும் விட்டுவிட்டேன். உதவித்தொகைக்காகப் பல தனியார் கல்லூரிகள் கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவம் குடியிருக்கும் வீடு மட்டுமல்லாமல் மற்ற நிலபுலன்களையும் கேட்கும், ஊரில் இருப்பதும் அதில் அடங்கும். ஊரார் வரவு செலவையே நாள் முழுக்கப் பார்க்கிறவள், என் வீட்டுக் கணக்கில் இதை விட்டேன். அப்பா வாங்கிக் கொடுத்த மனை அது. விற்றுத்தான் கட்டினோம்.

உதவி போதவில்லை என்றால் எர்லி டிசிஷனிலிருந்து விடுவிக்கும்படி கேட்கலாம், பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் பிள்ளை மனதளவில் அங்கே போய்விட்ட பிறகு அதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் போனஸ், வாடகை, ஊர்ச் சொத்து எல்லாம் சேர்த்துக் கால்குலேட்டரைத் தட்டுங்கள். வரும் தொகையைப் பிள்ளைக்கும் காட்டுங்கள். அதைக் கட்ட முடியாது என்றால், அல்லது நாலு கல்லூரியின் உதவித்தொகையை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க முடியும் என்றால், எர்லி டிசிஷன் உங்களுக்கு வேண்டாம். எர்லி ஆக்ஷன் போதும்.

கடைசியில் நோட்டில் ஓர் எண் எழுதுவேன், சதவீதமாக இல்லை. 'இவனைப் போன்ற பத்துப் பேர் போட்டால் எத்தனை பேர் உள்ளே போவார்கள்?' அந்தப் பையனுக்குப் பிரவுனில் 'பத்தில் ஒன்றுக்கும் குறைவு' என்று எழுதினேன். அவனுக்குப் பிடித்த இன்னொரு கல்லூரியில் 'பத்தில் மூன்று'. அங்கும் கால்குலேட்டர் தொகை அவர்களுக்குக் கட்டுப்படியானது. எந்த ஒன்றுக்குத் தன் ஒரே எர்லி டிசிஷனைச் செலவழிப்பது என்பது அவன் முடிவு. இரண்டு வாரம் யோசித்து இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தான்.

இன்னொன்று. டிசம்பர் நடுவில் 'டிஃபர்' என்று வந்தால் விண்ணப்பம் ரெகுலருக்கு மாறியிருக்கிறது என்று பொருள், நிராகரிப்பு இல்லை. முதல் பருவ மார்க்கும், புதிதாகச் செய்தவற்றைச் சொல்லும் ஒரு பக்கக் கடிதமும் அனுப்பலாம். ஆனால் ரெகுலருக்குக் கடைசி நாள் பல இடங்களில் ஜனவரி முதல் வாரம். பதிலுக்கும் அதற்கும் நடுவே இரண்டு, மூன்று வாரம்தான், அதுவும் மனம் உடைந்திருக்கும் வாரங்கள். எனவே மற்றக் கல்லூரிகளுக்கான கட்டுரைகளை நவம்பரிலேயே எழுதி முடித்து வைக்கச் சொல்லுங்கள். எர்லி விண்ணப்பத்தை அக்டோபர் 25-க்குள் அனுப்பிவிட்டால் அதற்கு நேரம் இருக்கும்.