க்யொர்யூச்சி: நாக்கிலும் நினைவிலும் நிற்க

ஜப்பானின் கோபே நகரில், கைகான் தட மெட்ரோவில் ஒரு நிலையத்தின் பெயர் ‘க்யூக்யொர்யூச்சி தைமாரு-மாஎ’. முதல் மாதம் முழுக்க அறிவிப்பில் அதைக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட வைத்தது நம் மாத்திரைக் கணக்குதான்.

முன்னால் வரும் ‘க்யூ’ நெடில், இரண்டு மாத்திரை. ‘பழைய’ என்று பொருள். அதை வெட்டித் தனியே வையுங்கள். மிச்சம் க்யொ குறில், ர்யூ நெடில், ச்சி குறில். ஆக நான்கு மாத்திரை. ஒலிக்காகத்தான் ‘ச்’ போட்டிருக்கிறேன், ‘மச்சி’ போல அழுத்தக் கூடாது. கைதட்டிச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து காஞ்சி, அதாவது ஜப்பானிய மொழியில் எழுதப்படும் சீன எழுத்துகள். ஜப்பானில் வாழும் உங்களுக்கு மூன்றுமே பழக்கமானவை. முதல் எழுத்து ‘இசகாயா’ மதுக்கடைப் பலகையில் முதலில் நிற்பது: இருத்தல். இரண்டாவது உங்கள் பர்ஸிலேயே இருக்கிறது. நீண்ட காலம் தங்கும் வெளிநாட்டவருக்குத் தரும் ‘சாய்ர்யூ’ அட்டையின் ‘ர்யூ’: தங்குதல். மூன்றாவது ‘சிகாதெத்சு’ (சுரங்க ரயில்) என்பதன் ‘சி’: நிலம். இருந்து தங்கும் நிலம். அட்டையை எடுத்து அந்த நடு எழுத்தைப் பத்து முறை எழுதுங்கள், மறக்காது.

பொருளில்தான் கவனம் வேண்டும். இதை நான் முதலில் ‘காலனி’ என்று மொழிபெயர்த்தேன். பத்தியே தவறாகிப் போனது. காலனிக்கு ‘ஷொகுமின்ச்சி’ என்று வேறு சொல் உண்டு. ஷாங்காயில் அயல்நாட்டாரே நிர்வகித்த பகுதிகள் ‘சொகாய்’. க்யொர்யூச்சி என்பது 1858 ஒப்பந்தங்களின்படி ஜப்பான் திறந்துவிட்ட துறைமுகங்களிலும் நகரங்களிலும் அயல்நாட்டார் வசிக்கவும் வணிகம் செய்யவும் ஒதுக்கிய பகுதி. மண் ஜப்பானுடையது; ஆனால் அவர்கள்மீதான வழக்கை விசாரித்தது அவரவர் நாட்டுத் தூதரகம். யொகொஹாமா, நாகசாகி, கோபே, தோக்கியோவின் த்சுகிஜி எல்லாம் இப்படித்தான். 1899இல் இந்த ஏற்பாடு முடிந்தது. தமிழில் நான் ‘அயல்நாட்டார் குடியிருப்பு’ என்றே எழுதுகிறேன்.

ஆகவே இன்று இந்தியர்கள் சேர்ந்து வசிக்கும் தெருவுக்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள். இது வரலாற்றுச் சொல், எழுத்து நடைச் சொல்.

கோபே போனால் 15ஆம் எண் கட்டடத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் குடியிருப்பு 126 மனைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 15 என்பது மனை எண். 1995 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்ததை, பழைய மரங்களைப் பொறுக்கியெடுத்து 1998இல் மறுபடி எழுப்பினார்கள். அங்கே நின்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: “கோபே நோ க்யூக்யொர்யூச்சி ஓ அருகு.” கோபேயின் பழைய அயல்நாட்டார் குடியிருப்பில் நடக்கிறேன்.