நன்றாகப் பயிற்சி செய்த மறுநாளே ஆர்வம் போய்விடுகிறதா? என் அனுபவம்

எடை குறைக்க உடற்பயிற்சி தொடங்குவேன், சில வாரங்களில் மனம் மறுத்துவிடும். உடம்பில் வலியோ சோர்வோ இருக்காது. ஷூவை மாட்டத்தான் மனம் வராது.

இலக்கு எடையைச் சுவரில் எழுதி ஒட்டினேன். அப்புறம், பயிற்சி செய்தால் எனக்கே ஒரு பரிசு என்று வைத்தேன். நண்பரைத் துணைக்கு அழைத்தேன். அவர் வராத நாளில் நானும் போகவில்லை.

குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. நான் விட்ட நாட்களில் பெரும்பாலானவை, கடுமையாகப் பயிற்சி செய்த நாளுக்கு மறுநாள்! தினமும் எடை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். பழகாத பயிற்சிக்குப் பிறகு தசைகள் நீரைப் பிடித்துவைக்கும். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை) சுமார் 3 கிராம் நீர் சேரும். கொழுப்பு கூடாமலேயே எண் ஏறும். உழைப்புக்குக் கிடைத்த தண்டனையாக மனம் அதை எடுத்துக்கொள்கிறது.

சரி என்று, எடை பார்ப்பதை வாரம் ஒருமுறை, ஓய்வு நாள் காலைக்கு மாற்றினேன். மற்ற நாட்களில் ஒரே விதி: பல் துலக்கியதும் ஷூ. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவுசெய்யும் இந்த முறையை விரிவாக ஆராய்ந்தவர் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். குறிப்பேட்டில் எடைக்குப் பதில், பயிற்சிக்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் எழுதுகிறேன். பின்னால் எழுதும் எண் அநேகமாக எப்போதும் கூடுதல்தான். இப்போது காலையில் என்னைக் கிளப்புவது அந்த எண்தான். பெரிய நிம்மதி.

உப்பு கூடிய சாப்பாடும் மாதவிடாயும்கூட எடையை ஏற்றிக் காட்டும். அதனால் ஒரு வார எண்ணைத் தனியாகப் பார்க்காமல் நான்கு வாரச் சராசரியைப் பாருங்கள்.