அம்மா வீட்டில் துணைக்கு ஆள் வைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பிள்ளைகள் டல்லாஸிலோ சிங்கப்பூரிலோ இருக்க, மாம்பலத்திலோ கும்பகோணத்திலோ பெரிய வீட்டில் அம்மா மட்டும் தனியாக இருப்பது இப்போது தெருவுக்குத் தெரு நடக்கிறது. அவருக்கு அந்த வீட்டை விட்டு வர மனமில்லை, வரவும் வேண்டாம். ஒரு அறையைக் கல்லூரி மாணவிக்கோ வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ குறைந்த வாடகைக்குக் கொடுத்து, பதிலுக்கு இரவுத் துணையும் கொஞ்சம் ஒத்தாசையும் வாங்கிக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எவ்வளவு ஒத்தாசை என்பதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அங்கேதான் கெடுகிறது.

"கூடமாட இருந்தா போதும்மா" என்று ஆரம்பிப்போம். முதலில் பால் பாக்கெட், அப்புறம் மருந்துக்கடை, அப்புறம் ராத்திரி சப்பாத்தி, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகக்கூட அந்தப் பெண் அனுமதி கேட்டு நிற்கவேண்டிய நிலை. வாடகையும் வாங்கிக்கொண்டு, சம்பளமில்லாத வேலைக்காரியாகவும் ஆக்கிவிட்டு, இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுப்பில்லை என்று சொல்வது அநியாயம். ஜெர்மனியில் 1990களிலிருந்தே இப்படி மாணவர்கள் முதியவர்களோடு தங்குகிறார்கள். அங்கே பொதுவான கணக்கு, அறையின் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேர உதவி. வாடகை கிடையாது, தண்ணீர், மின்சாரச் செலவு மட்டும் தனி. நம்ம ஊர் பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் சுமார் 11 மணி நேரம், அதுவும் மாதம் முழுவதற்கும். அதே கணக்கை இங்கே வைக்கச் சொல்லவில்லை, ஆனால் என்னென்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நாள் அவளுக்கு முழு விடுமுறை என்பது தாளில் இருக்கட்டும்.

குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, இன்சுலின் போடுவது எல்லாம் ஜெர்மனி ஏற்பாட்டிலும் சேராது. அம்மாவுக்கு அது தேவை என்றால் ஹோம் நர்ஸ் வையுங்கள். மறதி ஆரம்பித்திருந்தால் அதையும் வருகிற பெண்ணிடம் மறைக்காதீர்கள், நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும் ஒருவரை எதிர்பாராமல் சமாளிப்பது அவளால் ஆகாது.

ஆள் பார்க்கும்போது "நம்ம ஆளா?" என்பதுதான் பல வீடுகளில் முதல் கேள்வி. சாதி ஒத்துப்போய்விட்டால் மற்ற எதையும் விசாரிப்பதில்லை. எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள், நைட் ஷிஃப்ட் உண்டா, அடுப்பைப் பகிர முடியுமா, அசைவம் சமைக்கலாமா, தோழிகள் வரலாமா என்பவைதான் தினமும் உரசும் விஷயங்கள். இதையெல்லாம் மகன் வீடியோ காலில் முடிவு செய்துவிட்டு அம்மாவிடம் தகவல் மட்டும் சொல்வது இன்னொரு பெரிய தவறு. சேர்ந்து வாழப்போவது அவர்கள் இருவரும், அதனால் ஒரு மாதம் சோதனையாக இருந்து பார்க்கட்டும். அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகார அலுவலகத்தில் பதியவும் வேண்டும். தெரிந்தவர் வீட்டுப் பெண் என்பதற்காக இதை விடாதீர்கள், நாளைக்கு ஒரு தகராறு வந்தால் அவளுக்கும் அதுதான் பாதுகாப்பு. காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அடையாள அட்டை நகலை வாங்கி, காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரமும் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, வருபவர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்ற நெகிழ்ச்சியில் வீட்டையோ அதில் ஒரு பங்கையோ எழுதிக்கொடுப்பது. உறவினர் துணைக்கு வந்து தங்கும் வீடுகளில்தான் இது அதிகம். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், அந்த நிபந்தனை மீறப்பட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) தலைமையிலான தீர்ப்பாயத்திடம் போய்ப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாய்ப்பேச்சில் மட்டும் விட்டிருந்தால் அங்கே நிரூபிப்பதே பெரும் பாடாகிவிடும். மிரட்டலோ புறக்கணிப்போ நடந்தால் முதியோர் உதவி எண் 14567. அம்மாவின் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.