பஸ் செல் இருந்தாலே தொற்றா? மருத்துவமனையில் முதியோரின் சிறுநீர்த் தொற்று: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுப்பெலும்பு முறிவு, பக்கவாதம், நிமோனியா என்று எதற்காகவோ வார்டில் சேர்ந்த எண்பது வயதுக்காரரின் கேஸ் ஷீட்டில், இரண்டு மூன்று நாட்களில் ‘யு.டி.ஐ.’ (சிறுநீர்த் தொற்று) என்று ஒரு வரி ஏறிவிடும். யூரின் டெஸ்டில் பஸ் செல் (சீழ் அணு) நிறைய, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் ஈ.கோலை என்ற பாக்டீரியா, உடனே ஆன்டிபயாடிக். இவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மையில் தொற்றே இருக்காது. அதே வார்டில் வேறொருவருக்குத் தொற்று ரத்தம் வரை ஏறிக்கொண்டிருக்கும். காய்ச்சல் இல்லை என்பதால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ஆளைப் பார்க்காமல் தாளைப் பார்ப்பது.

கிருமி வளர்ந்ததாலேயே மருந்து ஆரம்பிப்பது

வயதானால் சிறுநீர்ப்பையில் பாக்டீரியா சத்தமில்லாமல் தங்கிவிடுவது சகஜம். முதியோர் இல்லங்களில் நெடுநாள் இருக்கும் பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 15 முதல் 40 சதவீதம் பேருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே கல்ச்சர் எடுத்தால் கிருமி வளரும். கத்தீட்டர் (சிறுநீர் வடிய வைக்கும் டியூப்) போட்டவர்களுக்கு இது ஒவ்வொரு நாளும் 3 முதல் 10 சதவீதம் கூடிக்கொண்டே போகும். ஒரு மாதம் டியூபோடு இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிருமி இருக்கும். கிருமி இருந்தால் பஸ் செல்லும் கூடவே வரும். எனவே பஸ் செல் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவுகட்ட முடியாது. சிறுநீர் கலங்கலாக இருப்பதும், நாற்றம் அடிப்பதும் அப்படித்தான். தண்ணீர் குறைவாகக் குடித்தாலே இரண்டும் வரும்.

அறிகுறியில்லாத இந்த நிலைக்கு மருந்து வேண்டாம் என்பதை அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கம் தன் 2019 வழிகாட்டியில் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. விதிவிலக்குகள் மிகச் சில. கர்ப்பிணிகள் ஒன்று, புராஸ்டேட்டைச் சுரண்டி எடுப்பதுபோலச் சிறுநீர்ப் பாதையில் காயம் ஏற்படுத்தும் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இன்னொன்று. சர்க்கரை நோய் விதிவிலக்கில் சேராது. முட்டி மாற்று அறுவைக்கு ஃபிட்னஸ் பார்க்கும்போது, ஒரு தொந்தரவும் இல்லாதவருக்கு யூரின் கல்ச்சர் எடுத்து, அதில் வளர்ந்த கிருமிக்காக ஆபரேஷனைத் தள்ளிவைப்பதும் தேவையற்ற வேலை.

தேவையில்லாமல் கொடுத்த ஆன்டிபயாடிக் சும்மா போகாது. குடலின் நல்ல கிருமிகளை அழித்து, கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். அடுத்த முறை நிஜமாகவே தொற்று வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

குழப்பத்துக்கெல்லாம் சிறுநீர்மேல் பழி போடுவது

“நேத்து ராத்திரியிலிருந்து அம்மா ஒரு மாதிரி பேசுறாங்க டாக்டர், ஆளே அடையாளம் தெரியல.” இதைக் கேட்டதும் யூரின் டெஸ்டுக்குச் சீட்டு எழுதுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. கிருமி எப்படியும் இருக்கும், டெஸ்ட் பாசிட்டிவாக வரும், காரணம் கிடைத்துவிட்டதென்று தேடல் நின்றுவிடும். நிஜக் காரணம் அப்படியே இருக்கும்.

திடீர்க் குழப்பம் என்றால் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கிறதா? சோடியம் எவ்வளவு? ஆக்சிஜன் அளவு என்ன? நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா? மலம் போய் எத்தனை நாளாகிறது? அடிவயிறு உப்பி, சிறுநீர் உள்ளே தேங்கியிருக்கிறதா? புதிதாகத் தூக்க மாத்திரையோ, சளி மாத்திரையோ, அமிட்ரிப்டிலின் என்ற நரம்பு வலி, மனச்சோர்வு மாத்திரையோ சேர்த்தார்களா? வலி அடங்கியிருக்கிறதா? கண்ணாடியும் காது மெஷினும் வீட்டிலேயே விட்டுப்போயிருக்கிறதா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியலாம். ஆனால் கண்ணும் காதும் சரியாக இல்லாமல், ராத்திரி பகல் தெரியாத வார்டில் கிடக்கும் எண்பது வயதுக்காரருக்குக் குழப்பம் வர அதுவே போதும்.

காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறது, சிறுநீர் சம்பந்தமான புதுத் தொந்தரவும் இல்லை என்றால், மற்ற காரணங்களைத் தேடிக்கொண்டே ஆளை நெருக்கமாகக் கவனிப்பதுதான் சரியான முறை.

காய்ச்சல் இல்லையென்று விட்டுவிடுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. முதியவர்களின் உடல் சூடு ஏறாமலே தொற்று முற்றிவிடும். வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரு தடவை 100 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தாலோ, திரும்பத் திரும்ப 99-ஐத் தாண்டினாலோ, அவருடைய வழக்கமான அளவைவிட 2 டிகிரி கூடினாலோ அதைக் காய்ச்சலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 101 வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

புதிதாக எரிச்சல், அடிக்கடி அவசரமாகப் போவது, அடிவயிற்று வலி, விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, சிறுநீரில் ரத்தம் ஆகியவை தொற்றைக் காட்டும் அறிகுறிகள். குளிர் நடுக்கம், மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 100-க்குக் கீழ், ஆறு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை, எழுப்பினாலும் எழாத மயக்கம் என்று இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தக் கல்ச்சரும் சிறுநீர்க் கல்ச்சரும் எடுத்த கையோடு ஊசி மருந்து தொடங்க வேண்டிய கட்டம் அது.

மாதிரியை எடுக்கும் விதம்

பாதித் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. பெட்பேனில் இருந்தோ, டயப்பரைப் பிழிந்தோ, யூரின் பையின் அடிக்குழாயைத் திறந்தோ பிடித்த மாதிரி கல்ச்சருக்கு உதவாது. பையில் மணிக்கணக்கில் கிடந்த சிறுநீரில் என்னென்னவோ வளர்ந்திருக்கும்.

நடமாடக்கூடியவர் என்றால் பிறப்புறுப்பை முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை கிருமி நீக்கிய புட்டியில் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கவே முடியாதவருக்கு சிஸ்டர் ஒருமுறை மெல்லிய டியூப் விட்டு எடுத்துவிட்டு, உடனே டியூபை வெளியே எடுத்துவிடலாம். கத்தீட்டர் இருப்பவருக்கு டியூபைக் கொஞ்ச நேரம் கீழே கிளாம்ப் செய்து, மாதிரி எடுக்கவென்றே உள்ள போர்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, சிரிஞ்சில் உறிஞ்ச வேண்டும். டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்து தொற்றும் இருப்பதாகத் தெரிந்தால், பழைய டியூபைக் கழற்றிப் புதியதைப் போட்டு அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பழைய டியூபின் உட்சுவரில் கிருமிகள் படலமாக ஒட்டியிருக்கும். ரிப்போர்ட்டில் வருவது அந்தப் படலத்தின் கணக்கு.

புட்டி இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் 4 டிகிரி செல்சியஸில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். கட்டிலுக்கடியில் காலை முழுக்க வைத்திருந்தால், கிருமி எண்ணிக்கை தானாகவே லட்சத்தைத் தாண்டும். ரிப்போர்ட்டில் மூன்று நான்கு வகைக் கிருமி கலந்து வந்தாலும், எபிதீலியல் செல் (மேல்தோல் அணு) நிறைய இருந்தாலும் தோலிலிருந்து கலந்துவிட்டது என்றே பொருள். திரும்ப எடுக்க வேண்டும். முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போட்ட பிறகு எடுத்த கல்ச்சரில் ஒன்றும் வளராவிட்டால் அதை நம்பவும் முடியாது.

கத்தீட்டர்: போடுவது சுலபம், எடுக்க யாருக்கும் நினைவில்லை

மருத்துவமனையில் வரும் சிறுநீர்த் தொற்றில் பெரும்பங்கு இந்தக் குழாயால் வருவது. படுக்கை நனைகிறது, அடிக்கடி எழுப்ப வேண்டியிருக்கிறது என்பதற்காக டியூப் போடச் சொல்லிக் கேட்பது குடும்பத்தார் செய்யும் முதல் தவறு. சிறுநீர் அடைத்துக்கொள்வது, தீவிர சிகிச்சையில் மணிக்கணக்கில் அளவு பார்க்க வேண்டியது, சில அறுவைகள், சிறுநீர் பட்டு ஆறாத ஆழமான படுக்கைப் புண் போன்றவற்றுக்குத்தான் அது. மற்றவர்களுக்கு யூரின் கேன், பெட்பேன், கட்டிலருகே கமோடு நாற்காலி, ஆண்களுக்கு உறை மாதிரி மாட்டும் காண்டம் கத்தீட்டர் இருக்கின்றன. ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் ஒரே கேள்வி கேளுங்கள்: “டியூப் இன்னும் எதுக்கு சார், இன்னிக்கு எடுத்துடலாமா?” யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டியூப் இருக்கும்வரை பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிப்போகும்போது பையைத் தூக்கி வயிற்றின்மேல் வைப்பதை எந்த மருத்துவமனை வராந்தாவிலும் பார்க்கலாம். பைக்குள் கிடந்த சிறுநீர் கிருமியோடு திரும்ப உள்ளே போக அதுவே வழி. பை முக்கால்வாசி நிறையும் முன் காலி செய்ய வேண்டும். ஒரே மக்கை கட்டிலுக்குக் கட்டில் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனி மக், ஒவ்வொரு முறையும் கை கழுவல், குழாய் முனை மக்கில் படாமல் இருப்பது முக்கியம். டியூபும் பையும் சேரும் இணைப்பைக் கழற்றவே கூடாது. டியூபைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டிவைத்தால் இழுபடாது. தினமும் சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும். டெட்டால், பீட்டாடின் தேவையில்லை. ஆண்களுக்குக் கழுவியபின் முன்தோலை மறக்காமல் முன்னால் கொண்டுவந்து விட வேண்டும். பின்னாலேயே விட்டால் வீங்கி இறுகிக்கொண்டு அவசர நிலையாகிவிடும்.

டியூபைச் சுற்றிக் கசிந்தால் பெரிய சைஸ் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மலச்சிக்கலோ, சிறுநீர்ப்பை சுருங்கி இழுப்பதோ, டியூப் மடங்கியிருப்பதோதான். சாதாரணமாக 14 அல்லது 16 சைஸும் 10 மில்லி பலூனும் போதும். எடுப்பதற்கு முன் டியூபை மூடி மூடித் திறந்து ‘பழக்கும்’ வழக்கமும் தேவையில்லை. எடுத்தபின் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் போகிறாரா என்று பார்த்து, போகாவிட்டால் சொல்லுங்கள்.

நாட்பட்ட கத்தீட்டரில் சில சமயம் யூரின் பை ஊதா நிறமாகிப் பயமுறுத்தும். மலச்சிக்கலோடு சில வகைக் கிருமி சேர்ந்தால் வரும் நிறம் அது. டாக்டரிடம் காட்ட வேண்டும், அலற வேண்டியதில்லை.

‘கிரியாட்டினின் நார்மல்’ என்று நம்புவது

தசையிலிருந்து வரும் கழிவான கிரியாட்டினினின் ரத்த அளவை வைத்துத்தான் சிறுநீரகத்தை எடைபோடுகிறார்கள். தசை குறைந்த உடலில் அது ஏமாற்றும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்று கணக்கிட ஒரு வழி உண்டு. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கிய எண்ணால் வகுத்து, பெண்ணென்றால் 0.85-ஆல் பெருக்குங்கள். 82 வயது, 45 கிலோ, கிரியாட்டினின் 1.1 உள்ள பாட்டிக்கு விடை 28. லேப் தாளில் நார்மல். சிறுநீரகமோ பெருமளவு தளர்ந்துவிட்டது. 30-க்குக் கீழே நைட்ரோஃப்யூரன்டாயின் என்ற சிறுநீர்த் தொற்று மாத்திரை தவிர்க்க வேண்டியது. வேறு பல மருந்துகளுக்கும் டோஸ் குறைய வேண்டும். நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீர்ப்பைக்குள் உள்ள தொற்றுக்கு மட்டும்தான்; சிறுநீரகத் தொற்றுக்கு எடுபடாது.

சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் குழப்பத்தைக் கூட்டலாம், குதிகால் தசைநாரைப் பாதிக்கலாம், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையைத் தாழ்த்தலாம். கால்சியம், இரும்பு மாத்திரைகளோடு ஒரே வேளையில் விழுங்கினால் பாதிக்கு மேல் உடலில் சேராமலே போகலாம். கோட்ரைமாக்சசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக், ரத்த அழுத்தத்துக்கான ராமிபிரில், டெல்மிசார்ட்டன் வகையோடு சேரும்போது பொட்டாசியத்தை ஏற்றும். அதனால் வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் வார்டுக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு அரிப்பும் வெள்ளைப் படிவும் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. ஆன்டிபயாடிக் அதை அதிகமாக்கும்.

‘சூடு’ என்று வீட்டு வைத்தியம்

நீர்க்கடுப்பு என்றாலே இளநீரும் பார்லித் தண்ணீரும் வார்டுக்கு வந்துவிடும். எல்லோருக்கும் அது ஆகாது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை எடுப்பவருக்கும் இளநீரின் பொட்டாசியம் ஆபத்து. இதயம் பலவீனமானவருக்குத் தண்ணீர் அளவே எண்ணித்தான். எரிச்சலுக்கு மருந்துக்கடையில் கொடுக்கும் சிட்ரேட் சிரப்பில் சோடியம் உண்டு; அது சிறுநீரைக் காரமாக்கி நைட்ரோஃப்யூரன்டாயினின் பலத்தையும் குறைக்கும். மற்றவர்கள் தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம். பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே நிறுத்திவிடும் பாட்டிமார்கள் ஏராளம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கொருமுறை நீங்களாகவே கேட்டு உதவுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று சம்மரியில் மூன்று தேதி இருக்கிறதா பாருங்கள்: டியூப் போட்டது, எடுக்க வேண்டியது, ஆன்டிபயாடிக் முடிவது. கத்தீட்டரால் வந்த தொற்று சட்டென்று தணிந்தால் 7 நாள் மருந்து போதும். மெதுவாகத் தணிந்தால் 10 முதல் 14 நாள். ஆள் நன்றாக இருந்தால் ‘கிருமி போயிடுச்சா’ என்று பார்க்க மறுபடி கல்ச்சர் கொடுக்க வேண்டாம்.