வெள்ளம் ஓடும் கம்ப்யூட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு?

எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம். வெள்ளம் ஓடும் கம்ப்யூட்டர் என்றால் உள்ளே குழாயில் தண்ணீர் ஓடவிட்டுச் சூட்டைக் குறைப்பது; கிராபிக்ஸ் கார்டு என்றால் கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் பாகம். மார்த்தாண்டத்தில் இருக்கும் மச்சினன் போன வாரம் கூப்பிட்டு, "அத்தான், வெள்ளம் ஓடுற கம்ப்யூட்டர்ல புது கார்டு போடணும், எது நல்லது?" என்றான். "உனக்கு எத்தன வாட் தாங்கும்?" என்று கேட்டேன். பதில் இல்லை. பிறகு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: குழாய் எங்கே போகிறது?

பக்கக் கதவைக் கழற்றிப் பாருங்கள். குழாய் இரண்டும் பிராசசர் தலையிலிருந்து கிளம்பி நேராக ரேடியேட்டருக்கு (தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடும் தகடு) போனால் அது ஏஐஓ, அதாவது எல்லாம் சேர்த்து மூடியே வரும் ரெடிமேட் கூலர். கார்டுக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை, படி 2-க்குப் போய்விடலாம்.

குழாய் கார்டுக்குள்ளும் நுழைந்து வந்தால் அது கஸ்டம் லூப், அதாவது தனித்தனிப் பாகம் வாங்கி நாமே கட்டியது. கார்டைக் கழற்றத் தண்ணீரை வடிக்க வேண்டும். பழைய வாட்டர் பிளாக் (கார்டின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் உலோகக் கட்டி) புதுக் கார்டில் உட்காராது. அது அந்தந்த சர்க்யூட் போர்டுக்கென்றே வெட்டியது. அதே சிப்பை வேறு கம்பெனி போர்டில் வாங்கினாலும் திருகுத் துளை இடம் மாறியிருக்கலாம்.

இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். 200 வாட்டுக்குள் கார்டு எடுத்தால் புது பிளாக்கே வேண்டாம் என்பது என் கட்சி. கார்டோடு வரும் ஃபேன் அந்தச் சூட்டைச் சமாளிக்கும்; லூப்பைச் சுருக்கி பிராசசருக்கு மட்டும் விடுங்கள். அழகுக்காக வேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் செம்பு ரேடியேட்டர் இருக்கும் லூப்பில் அலுமினிய பிளாக்கைச் சேர்க்காதீர்கள். உலோகம் அரித்துப்போகும்.

இன்னொன்று. தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. 320 வாட் கார்டு எந்தக் கூலரில் இருந்தாலும் 320 வாட் சூட்டை உங்கள் அறையில்தான் கொட்டும். சித்திரை மாதம் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் உட்கார்ந்து விளையாடினால் இது புரியும். மழைக்காலத்தில் குழாய் வியர்க்குமோ என்றும் மச்சினன் பயந்தான். சாதாரண லூப் அறை வெப்பத்துக்குக் கீழே குளிராது, வியர்க்காது.

படி 2: நான்கு எண்களைக் குறியுங்கள்

பவர் சப்ளையின் வாட், அதில் கார்டுக்குக் கரண்டு தரும் 8 பின் (எட்டு ஊசி) இணைப்புகள் எத்தனை, யூபிஎஸ் அளவு, கேபினெட்டுக்குள் கார்டுக்கு மிஞ்சும் நீளம்.

ஒரு 8 பின் இணைப்பு 150 வாட், மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும். ஆகவே ஒற்றை 8 பின் கார்டுக்கு உச்சம் 225 வாட். முன்பக்கம் ரேடியேட்டர் இருந்தால் அதன் தடிமன் (பெரும்பாலும் 27 மி.மீ.), ஃபேனின் தடிமன் (பெரும்பாலும் 25 மி.மீ.) இரண்டையும் நீளத்தில் கழியுங்கள். இதை மறந்து கார்டு வாங்கி, கேபினெட் கதவைத் திறந்தபடியே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

யூபிஎஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். 600 விஏ என்று எழுதியது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை சுற்றினாலும், ஆனி ஆடியில் காற்றடித்துத் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் நம் வீட்டில் கரண்டு போகத்தான் செய்யும். அந்த நேரத்தில் கேம் ஓடிக்கொண்டிருந்தால் பெரிய கார்டு சின்ன யூபிஎஸ்ஸைக் கவிழ்த்துவிடும்.

படி 3: வாட்டைப் பார்த்துத் தேர்வு

ஆர்டிஎக்ஸ் என்பது என்விடியா கார்டு, ரேடியான் என்பது ஏஎம்டி கார்டு. ஆர்டிஎக்ஸ் 3080-க்கு 320 வாட். கிட்டத்தட்ட அதே வேகத்தை ஆர்டிஎக்ஸ் 4070 வெறும் 200 வாட்டில் தருகிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட். ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி மெமரி, 160 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட்தான், ஆனால் 8 ஜிபி மெமரி. புதுசாக வாங்குபவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

மச்சினனிடம் இருப்பது பி450 என்ற பழைய மதர்போர்டு. அதில் கார்டு மாட்டும் ஸ்லாட் பிசிஐஇ 3.0, பழைய தலைமுறை. 5060 டிஐ 8 லேன் (தகவல் போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துவதால் பழைய போர்டில் கொஞ்சம் வேகம் இழக்கும். 9060 எக்ஸ்டி-க்கு 16 லேன் உண்டு. அதனால் அவனுக்கு 9060 எக்ஸ்டி, 16 ஜிபி.

மின்கணக்கு: 320 வாட் கார்டிலிருந்து 160 வாட் கார்டுக்கு இறங்கினால், தினம் 4 மணி நேரம், 60 நாளில் 38.4 யூனிட் மிச்சம். இரண்டு மாதத்தில் 500 யூனிட் எல்லையில் நிற்கும் வீடு என்றால் இது பெரிய விஷயம். அதைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுக்கும் விலை கூடிவிடும்.

படி 4: மாட்டிய பிறகு

பழைய டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். பிறகு ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளிலோ ஏஎம்டி-யின் அட்ரினலின் மென்பொருளிலோ பவர் லிமிட்டை (கார்டு எடுக்கும் வாட்டின் உச்ச வரம்பு) பையப் பையக் குறையுங்கள், ஒரு தடவைக்கு 5 சதவீதம். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். பிரேம் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) விழுவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு படி மேலே ஏறி நிறுத்துங்கள்.

கடலோரக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. குளச்சலில் என் வீட்டு ஜன்னலோரம் வைத்திருந்த ரேடியேட்டரில் ஒரே வருடத்தில் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடி பூத்துவிட்டன. உப்புக்காற்று. இப்போது கம்ப்யூட்டரை உள்ளறைக்கு மாற்றி, மாதம் ஒருமுறை பிரஷால் தூசி தட்டுகிறேன். ஈரத்துணி மட்டும் வைக்காதீர்கள்.