சான்றிதழ் புதுப்பிக்கவில்லையா? முதலில் டிஎன்எஸ் சர்வரைக் கேளுங்கள்

நேற்றுவரை நன்றாக ஓடிய இணையதளம் காலையில் திறக்கும்போது 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்கிறது. தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்திருந்தோமே என்று லாக் கோப்பைத் திறந்தால், சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் நிரலான சர்ட்பாட் ஒரு மாதமாக நாளுக்கு இரண்டு முறை முயன்று ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. இலவசச் சான்றிதழ் வழங்கும் அமைப்பான லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழின் ஆயுள் 90 நாள். கடைசி 30 நாள்தான் புதுப்பிப்பதற்கான அவகாசம். அந்த அவகாசம் முழுவதும் யார் கண்ணிலும் படாமல் கழிந்துவிட்டது. காலாவதி நெருங்குகிறது என்று அவர்கள் அனுப்பிவந்த மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது.

டொமைன் பெயர்களுக்குரிய முகவரிகளைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வரை பைண்ட் 9 மென்பொருளில் சொந்தமாக நடத்தி, அந்த டிஎன்எஸ் வழியாகச் சான்றிதழ் வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். டொமைனின் எல்லாத் துணைப் பெயர்களுக்கும் பொதுவான வைல்டுகார்டு சான்றிதழ் வேண்டுமென்றால் லெட்ஸ் என்கிரிப்டில் டிஎன்எஸ் வழிதான் உண்டு.

நடப்பது இதுதான். சான்றிதழ் கேட்டதும் லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு சவால் விடுகிறது. உங்கள் டொமைனுக்கு முன்னால் 'ஆக்மி சேலஞ்ச்' என்ற சொற்களை அடிக்கோட்டோடு சேர்த்தால் வரும் பெயரில், அவர்கள் எதிர்பார்க்கும் எழுத்துச்சரத்தை டிஎக்ஸ்டி பதிவாக (டிஎன்எஸ்ஸில் வெறும் உரையை வைக்கும் பதிவு) வைக்க வேண்டும். இனி அதைச் 'சவால் பெயர்' என்று சொல்கிறேன். சர்ட்பாட் அந்தப் பதிவை உங்கள் முதன்மை டிஎன்எஸ் சர்வரில் தானே எழுதும். அப்படி எழுதும் முறைக்கு டைனமிக் அப்டேட் என்று பெயர். 1997இலேயே வரையறுக்கப்பட்ட முறை. எழுதுவது நீங்கள்தான் என்பதற்குச் சாட்சி, டிசிக் என்ற ரகசியச் சாவி.

உதாரணத்துக்கு நம் டொமைன் 'உதாரணம்.பரிட்சை' என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் எழுத்துகளில் டொமைன் பெயர்கள் இயங்குமா என்று, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2007இல் 11 பெயர்களை வைத்துச் சோதித்தது. தமிழுக்கு வைத்த பெயர் இது. உங்கள் டொமைனும் தமிழில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பைண்ட் கோப்புகளில் 'எக்ஸ்என்' என்று தொடங்கும் அதன் மாற்றுவடிவத்தைத்தான் எழுத வேண்டும்.

படி 1: சர்ட்பாட்டை நிறுத்துங்கள்

பதற்றத்தில் எல்லோரும் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறோம். ஒரு பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முறை சரிபார்ப்பு தோற்றால் லெட்ஸ் என்கிரிப்ட் கதவை மூடிவிடும். பிறகு பிழையைத் திருத்தினாலும் காத்திருக்கத்தான் வேண்டும். சோதிக்க 'டிரை ரன்' இருக்கிறது. அது லெட்ஸ் என்கிரிப்டின் சோதனைச் சர்வரோடு மட்டுமே பேசும்.

படி 2: பதிவைக் கையால் எழுதிப் பாருங்கள்

எனக்குத் தெரிந்து மற்ற எல்லாப் படிகளையும்விட அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான். பைண்டோடு வரும் 'என்எஸ்அப்டேட்' கருவியைச் சர்ட்பாட் பயன்படுத்தும் அதே சாவியோடு திறவுங்கள். நான்கு வரி போதும்: முதன்மைச் சர்வரின் ஐபி முகவரி, ஸோனின் (உங்கள் டொமைனின் பதிவுத் தொகுப்பு) பெயர், சவால் பெயரில் 60 விநாடி ஆயுளோடு 'வணக்கம்' என்று ஒரு டிஎக்ஸ்டி பதிவைச் சேர்க்கும் கட்டளை, கடைசியாக 'செண்ட்'.

எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் வெற்றி. இல்லையென்றால் ஒரு சொல் வரும். நோய் எதுவென்று அந்தச் சொல்லே சொல்லிவிடும்.

'ரெஃப்யூஸ்டு' என்றால் உங்கள் கோரிக்கை போய்ச் சேர்ந்தது, ஆனால் அனுமதி இல்லை. ஸோன் அமைப்பில் 'அப்டேட் பாலிசி' வரியில் உங்கள் சாவியும் சவால் பெயரும் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதன்மைக்குப் பதிலாக, அதன் பிரதியை வைத்திருக்கும் துணைச் சர்வருக்கு அனுப்பினாலும் மறுப்பு வரலாம்.

'பேட்கீ' வந்தால் பெரும்பாலும் சாவியின் பெயர் பொருந்தவில்லை. ரகசிய எழுத்துச்சரம் சரியாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சாவிக்கு வைத்த பெயரும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

'பேட்டைம்' என்னை ஒரு முழு இரவு அலைக்கழித்தது. சாவி சரி, பெயர் சரி, முந்தைய வாரம்வரை ஓடிக்கொண்டிருந்த அமைப்பு. விடியும் நேரத்தில், இரண்டு சர்வர்களின் திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'டேட்' என்று தட்டினேன். ஒன்று 4:12 காட்டியது, மற்றொன்று 4:19. மெய்நிகர் சர்வரில் நேர ஒத்திசைவு நின்றுபோயிருந்தது. டிசிக் கையெழுத்தில் நேரமும் சேர்ந்திருக்கும். வழக்கமான அமைப்பில் 300 விநாடிக்கு மேல் வேறுபாடு இருந்தால் சர்வர் ஏற்காது. நேர ஒத்திசைவை ஓட விட்டதும் அடுத்த முயற்சியே பலித்தது.

'செர்வ்ஃபெயில்' வந்தால் கோப்பு அனுமதியைச் சந்தேகியுங்கள். டைனமிக் அப்டேட் வந்ததும் ஸோன் கோப்புக்குப் பக்கத்திலேயே, மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஒரு ஜர்னல் கோப்பை பைண்ட் உருவாக்கும். உபுண்டுவில் 'ஈடிசி' அடைவுக்குள் இருக்கும் பைண்ட் கோப்புறையில் எழுத ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் காவல் விடாது. உரிமையை எப்படி மாற்றினாலும் பயனில்லை. ஸோன் கோப்பை 'வார்' அடைவில் 'லிப்' என்பதன் கீழுள்ள பைண்ட் கோப்புறைக்கு மாற்றி, அமைப்பிலும் புதிய இடத்தைக் குறிப்பிட்டால் தீரும்.

ஜர்னல் இருக்கும் ஸோனை நேரடியாகத் திருத்தாதீர்கள். கோப்பும் ஜர்னலும் முரண்பட்டால் பைண்ட் அந்த ஸோனையே ஏற்ற மறுக்கலாம். ஸோனை உறையவைக்கும் 'ஆர்என்டிசி ஃப்ரீஸ்' கொடுத்துவிட்டுத் திருத்துங்கள், ஸோனின் வரிசை எண்ணை (ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடும் எண்) கூட்டுங்கள், பிறகு அதை உருகவைக்கும் 'ஆர்என்டிசி தா' (thaw) கொடுங்கள்.

படி 3: எல்லாச் சர்வர்களும் ஒரே பதிலைச் சொல்கின்றனவா?

பதிவு முதன்மையில் ஏறியது. ஆனால் லெட்ஸ் என்கிரிப்ட் உங்கள் எந்த டிஎன்எஸ் சர்வரை வேண்டுமானாலும் கேட்கலாம். உலகின் பல இடங்களிலிருந்தும் கேட்கும். ஸோனில் அறிவித்த ஒவ்வொரு சர்வரிடமும் 'டிக்' கருவியால் தனித்தனியாகச் சவால் பெயரைக் கேளுங்கள். ஒன்றில் 'வணக்கம்' வந்து மற்றொன்றில் வரவில்லையென்றால் இரண்டிலும் எஸ்ஓஏ பதிவில் உள்ள அந்த வரிசை எண்ணை ஒப்பிடுங்கள். துணைச் சர்வர் பின்தங்கியிருந்தால் முதன்மையின் அறிவிப்பு அங்கே போய்ச் சேரவில்லை, அல்லது ஸோனைப் பிரதியெடுக்க அனுமதி இல்லை. சேர்கிறது, ஆனால் தாமதமாகிறது என்றால் சர்ட்பாட் காத்திருக்கும் 60 விநாடியை 120 ஆக்கலாம்.

பொதுவான டிஎன்எஸ் சேவைகளிடம் கேட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பதிவு ஏறுவதற்கு முன்பே நீங்கள் கேட்டிருந்தால், 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பழைய பதிலை அவை சிறிது நேரம் வைத்திருக்கும்.

சோதனை முடிந்ததும் 'வணக்கம்' பதிவை நீக்கிவிடுங்கள்.

படி 4: கையால் ஏறுகிறது, சர்ட்பாட்டால் ஏறவில்லை

அப்படியானால் பிழை சர்ட்பாட்டின் சாவிக் கோப்பில் இருக்கிறது. முதலில் அல்காரிதம் வரியைப் பாருங்கள். அதை எழுதாமல் விட்டால் சர்ட்பாட்டின் செருகுநிரல் பழைய எம்டி5 முறையை எடுத்துக்கொள்ளும். பைண்டின் 'டிசிக் கீஜென்' தருவதோ எஸ்ஹெச்ஏ256 சாவி. இரண்டும் பொருந்தாது. சர்வர் வரியில் ஐபி முகவரியைக் கொடுங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள். கோப்பின் அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டுமே படிக்கலாம், எழுதலாம்) இருக்கட்டும்.

சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. முதன்மை டொமைனையும் வைல்டுகார்டையும் ஒரே சான்றிதழில் கேட்டால், ஒரே சவால் பெயரில் இரண்டு மதிப்புகள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். புதியதை எழுதுமுன் பழையதை அழிக்கும் ஸ்கிரிப்ட் முதல் மதிப்பை அழித்துவிடும்.

இந்த இடத்தில் சாவியின் அதிகாரத்தையும் சுருக்கிவிடுங்கள். 'அலோ அப்டேட்' என்று எழுதினால் அந்தச் சாவி ஸோன் முழுவதையும் மாற்றும். வலை சர்வருக்குள் எவராவது புகுந்தால் உங்கள் மின்னஞ்சலையே வேறு பக்கம் திருப்பிவிடலாம். 'அப்டேட் பாலிசி' மூலம் சவால் பெயருக்கு, டிஎக்ஸ்டி வகைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒரு வரி வேலைதான். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

படி 5: உண்மையான புதுப்பிப்பு

'டிரை ரன்' தேறியதும் உண்மையாகவே புதுப்பியுங்கள். புதிய சான்றிதழ் வட்டில் வந்துவிட்டாலும், மறுபடி ஏற்றும்வரை வலை சர்வரான என்ஜின்எக்ஸ் பழையதையே நீட்டும். ஆகவே, புதுப்பித்ததும் சர்ட்பாட் ஓட்டும் 'டிப்ளாய் ஹூக்' வழியாக அதை மறுபடி ஏற்றும் கட்டளையைச் சேர்த்துவிடுங்கள். பிறகு வேறொரு கணினியிலிருந்து 'ஓபன்எஸ்எஸ்எல்' கொண்டு தளத்தோடு இணைந்து, சான்றிதழின் முடிவுத் தேதியைப் படியுங்கள். தேதி ஏறத்தாழ மூன்று மாதம் தள்ளியிருக்க வேண்டும். அதே தேதியை நாள்தோறும் படித்து, 20 நாளுக்குக் குறைந்தால் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றையும் இன்றே, அந்த வேறொரு கணினியிலேயே, ஓட விடுங்கள்.